ஐயாயிரத்துக்கு மேலே

மிச்சிகனில் பிப்ரவரி. ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று
ஷட்டருக்கு அடியில் புகுந்து கணுக்காலைக் கடிக்கிறது.
டைனோ உருளைகள் மேல் பின்சக்கரங்களை ஏற்றி
நான்கு வார்களால் இழுத்துக் கட்டியிருக்கிறோம்
ட்ரூடி ஹூக்ஸ்ட்ராவின் ஜாகுவாரை.

கறுப்பு. இரண்டாயிரத்து ஐந்தாம் வருட வண்டி.
தந்த நிறத் தோல் இருக்கைகள்,
வால்நட் பலகையில் ஒரு கீறல் கிடையாது.
செத்துப்போன பல்மருத்துவர் வீட்டு ஏலத்துக்கு
பியானோவைப் பார்க்கப் போனவள்
பியானோ தேறாது என்று சொல்லிவிட்டு
இதை ஓட்டிக்கொண்டு வந்தாளாம்.

தேவாலய ஆர்கன்களுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில்.
ஈஸ்டருக்கு முன்னால் வரும் காசோலைகள்
இந்த பானட்டுக்குள்தான் எங்கோ போய் உட்காரும்.
சீர்திருத்த சபை ஒன்று: சின்னக் கப்பி.
லூத்தரன்கள் இரண்டு பேர் சேர்ந்து: இன்டர்கூலருக்குப் பெரிய ரேடியேட்டர்.
கத்தோலிக்கர்கள் தாராளம். முழு எக்ஸாஸ்ட்,
கூடவே கம்ப்யூட்டரின் மனதை மாற்றி எழுதிய செலவும்.

கப்பியின் கணக்கு எளிது.
வட்டம் சிறுத்தால் சுழற்சி கூடும்,
சுழற்சி கூடினால் சூப்பர்சார்ஜர்
இன்னும் ஒரு வாய்க் காற்றை அள்ளி
சிலிண்டர்களுக்குத் திணித்து ஊட்டும்.
விளம்பரத்தில் இவ்வளவுதான் இருக்கும்.
மீதியை நாங்கள் ராத்திரியில் கண்டுபிடிப்போம்.

முதல் ஓட்டம் முந்நூற்று எழுபத்தொன்று.
இரண்டாவது முந்நூற்று ஐம்பத்திரண்டு.
மூன்றாவதை வெர்ஜில் வாய்விட்டுச் சொல்லவில்லை,
திரையைச் சற்றே என் பக்கம் திருப்பினான்.

சூடு என்றோம்.
சூடு என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.
பெரிய மின்விசிறி வைத்தோம்.
வெளியே முழங்கால் ஆழம் பனி கிடக்க
பெட்ரோல் பங்க்கில் காசு கொடுத்து
இரண்டு மூட்டை ஐஸ் வாங்கி வந்து அடுக்கினோம்.
கோடு அதே இடத்தில்,
ஐயாயிரத்துக்கு மேலே,
தோளைத் தொங்கப் போட்டது.

கவிழ்த்த பெயிண்ட் வாளியில் உட்கார்ந்திருந்தாள் ட்ரூடி.
நாங்கள் கொடுத்த காதடைப்பான் அவள் கையிலேயே இருந்தது.
"இன்னொரு தடவை ஓட்டு.
எண்ணைப் பார்க்காதே."

ஓட்டினேன். எட்டு சிலிண்டர்களும் அடிக்குரலில் ஏற
அதற்கு மேலே அந்தச் சீழ்க்கை,
பழைய கப்பியில் இருந்ததைவிட ஒரு சுரம் உயர்ந்து
(அவள் சொன்ன கணக்கு; எனக்கு அது சத்தம், அவ்வளவுதான்)
கூடவே ஏறி, ஏறி

கையைத் தூக்கினாள்.
"இங்கே.
கீழே இருப்பவன் மேலே போகிறான்.
பாடுகிறவள் நின்றுவிட்டாள்.
கால் சுரம் இறங்கவும் இறங்குகிறாள்."

பானட்டுக்குள் டார்ச் அடித்தோம்.
சின்னக் கப்பியைச் சுற்றிய அலுமினியத்தில்
மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் பொடி.
பெல்ட் வழுக்குகிறது.
வட்டம் சிறுத்தபோது பிடித்துக்கொள்ளும் இடமும் சிறுத்துவிட்டது.
எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம்.
தெரிந்திருந்ததுதான் கேவலம்.
ஐஸ் உருகிய தண்ணீர் பூட்ஸ் வரை வந்திருந்தது.

பெல்ட் இன்னும் கொஞ்சம் தழுவிக்கொள்ள ஒரு துணை உருளை,
அளவு மாற்றிய புது பெல்ட்,
வெர்ஜிலின் கட்டைவிரலில் கொஞ்சம் ரத்தம்.
மணி பதினொன்றே கால். முந்நூற்று எண்பத்தொன்பது!
அவன் மேசையைத் தட்டினான்.
அவள் திரைப்பக்கம் திரும்பவே இல்லை,
எங்கள் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

காசோலையைக் கிழித்துத் தரும்போது மட்டும்:
"உங்கள் ஆபீஸ் குழல்விளக்கு, இடது பக்கம் இருப்பது.
அதன் ரீங்காரம் மற்றதோடு உரசுகிறது.
எப்படித்தான் கணக்கு எழுதுகிறீர்களோ."

வாசலில் உப்புத் தூவும் லாரி போய்க்கொண்டிருந்தது.
முந்நூற்று எண்பத்தொன்பது குதிரைகளும்
அதன் மஞ்சள் விளக்குக்குப் பின்னால்
இருபது மைல் வேகத்தில்
தலையைக் குனிந்து நடந்தன.

ஷட்டரை இறக்கினேன்.
வெர்ஜில் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தான்.